விலுக்கப்பைத் திட்டாதீர்கள், பார்ட்டி பெயரை விடுங்கள்

மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல், ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்துவிடும். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இருந்து பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எக்செல்லில் இறக்கி, பக்கத்தில் இதை வைத்து ஒரு ஷீட்டில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவைப் போட்டால் பாதி வரிசையில் என்/ஏ, அதாவது 'கிடைக்கவில்லை'. உடனே ஃபார்முலாவில் கை வைக்கிறார்கள். நான் பார்த்தவரை ஃபார்முலா பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், எதை வைத்துத் தேடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

பார்ட்டி பெயரை வைத்துத் தேடவே தேடாதீர்கள். நம் லெட்ஜரில் 'டிரேடர்ஸ்', போர்ட்டலில் 'டிரேடிங் கம்பெனி', ஓரிடத்தில் முன்னால் ஒரு 'ஸ்ரீ', இன்னோரிடத்தில் கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸ். நமக்கு ஒரே ஆள், எக்செல்லுக்கு நாலு பேர். சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான 15 இலக்க ஜிஎஸ்டிஐஎன்னோடு பில் நம்பரை ஒட்டி இரண்டு ஷீட்டிலும் ஒரு தனி நெடுவரிசை போடுங்கள், ஒட்டும்போதே வேண்டாத ஸ்பேஸை நீக்கும் ட்ரிம் (TRIM) கொடுத்துவிடுங்கள், தேடல் அதை வைத்துத்தான். ஆனால் சப்ளையர் 'ஐஎன்வி/0045' என்று ஏற்றியிருக்க, நம் பையன் வெறும் 45 என்று அடித்திருந்தால் எந்த ஃபார்முலாவும் காப்பாற்றாது. டேலியில் சப்ளையர் இன்வாய்ஸ் நம்பருக்கென்று தனி இடம் இருக்கிறது, பில்லில் அச்சடித்தபடியே அதில் அடிக்கச் சொல்லுங்கள். வேலையில் முக்கால்வாசி அங்கேயே குறைந்துவிடும்.

அப்புறம், தொகை எடுக்க விலுக்கப்பே வேண்டாம். ஒரே பில்லில் 5% சரக்கும் 18% சரக்கும் இருந்து அது இரண்டு வரிசையாக விழுந்திருந்தால், விலுக்கப் முதல் வரிசையை எடுத்துக்கொண்டு நின்றுவிடும், வித்தியாசம் ஏன் வருகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். பொருந்தும் வரிசைகளைக் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா இரண்டையும் கூட்டித் தரும், பில்லே இல்லையென்றால் 0 காட்டும். கட்டாயம் விலுக்கப்தான் என்றால் கடைசியில் ஃபால்ஸ் போட மறக்காதீர்கள். விட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துவந்து வைக்கும், எர்ரரும் காட்டாது, என்/ஏவே தேவலை. விலுக்கப்பின் புது வடிவமான எக்ஸ்லுக்கப்பில் (XLOOKUP) இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் எக்செல் 2016 ஓடினால் அங்கே அது வேலை செய்யாது.

டேலி எக்ஸ்போர்ட்டில் இன்னொரு வம்பு. எல்லா லெட்ஜர்களின் பாக்கியையும் காட்டும் ட்ரையல் பேலன்ஸில் தொகைக்குப் பக்கத்தில் டெபிட், கிரெடிட் என்று தெரிவது பல நேரம் செல்லின் ஃபார்மட் மட்டும்தான். செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள், வெறும் எண் இருக்கும். அதை அப்படியே இழுத்துக் கூட்டினால் கிரெடிட்டும் டெபிட்டோடு சேர்ந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், 2022 ஜனவரி 1 முதல் 2பியில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது, கிடையாது. அதனால் 0 வந்த வரிசைகளை ஃபில்டர் செய்து, வரித்தொகை பெரியதில் இருந்து சப்ளையர்களுக்குப் போன் போடுங்கள். போடும் முன் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவரா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் இடைப்பட்ட மாதங்களில் பில் ஏற்றுவதற்கான ஐஎஃப்எஃப் (IFF) வசதியில் பில்லை ஏற்றச் சொல்லிக் கேட்கலாம், இல்லாவிட்டால் அந்தக் காலாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.