உங்கள் கிணற்றைப் பற்றிய ஆய்வறிக்கையை வாசிப்பது எப்படி?

நைத்திரேற்று: 12.

ஆய்வுகூடம் தந்த தாளில் இப்படி ஒரு வரி இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? இந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. நைத்திரேற்றாகவே கணக்கிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் 12 என்பது நல்ல தண்ணீர். சில ஆய்வுகூடங்களோ நைத்திரேற்றுக்குள் இருக்கும் நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அப்படியானால் அந்த 12ஐ 4.43ஆல் பெருக்க வேண்டும். 53 வரும், வரம்பு தாண்டிவிட்டது. போத்தலும் ஒன்று, தாளில் உள்ள எண்ணும் ஒன்று.

நான் புள்ளிவிபரவியல் படிப்பிப்பவன். மருத்துவம், பொறியியல், பொருளியல், சட்டம் என்று மற்றத் துறைகளில் ஆய்வு செய்பவர்கள் தங்கள் தரவுகளைக் கொண்டுவந்து காட்டும்போது அவற்றைப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பங்கு. பழைய அறிக்கை ஒன்றில் இருந்து நைதரசன் கணக்கையும் புதிய அறிக்கை ஒன்றில் இருந்து நைத்திரேற்றுக் கணக்கையும் எடுத்து ஒரே நிரலில் போட்டு, ‘தண்ணீர் வர வர மோசமாகிறது’ என்று முடிவு எழுதிய வரைவுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தண்ணீர் மோசமாகியும் இருக்கலாம். ஆனால் அந்த நிரல் அதைச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் இது சும்மா கணக்கு விளையாட்டு அல்ல. வற்றாத ஆறு ஒன்றும் எங்களுக்கு இல்லை. மாரி மழை செம்மண்ணில் இறங்கி, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் தேங்குகிறது. அதுதான் எங்கள் தண்ணீர். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியாவும் எருவும், மலசலகூடக் குழிகளின் கசிவும் இறங்குவதும் அதே வெடிப்புகளால்தான். நைத்திரேற்று பெரும்பாலும் வருவது அவற்றிலிருந்துதான். கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பிறகும் எத்தனையோ வீடுகளுக்கு இன்னும் கிணறுதான் கதி.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அந்த 50 என்ற வரம்பு முதன்மையாகப் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்து வைத்தது. நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க விடாமல் செய்யும்; பிள்ளை நீலம் பாரிக்கும். பிள்ளைக்கென்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுப்பது எங்கள் அம்மாமாரின் நல்ல பழக்கம். கொதியில் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இனி, எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். அறிக்கையின் பலவீனம் பெரும்பாலும் கணக்கில் இருப்பதில்லை, அதற்கு முந்திய வேலையில்தான் இருக்கிறது. நைத்திரேற்றை விட்டு எண்ணெயை எடுப்போம். கிணற்றில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் சனம் சோடாப் போத்தலில் கொண்டுவரும். எண்ணெய் பிளாஸ்ரிக்கின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அமிலம் சேர்த்து, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஆய்வுகூடத்தில் முழுப் போத்தலையும் பயன்படுத்தி, வெறும் போத்தலைக் கரைப்பானால் அலசி அதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். போதாததற்கு, எண்ணெய் மிதக்கும் பொருள். வாளியால் மேலாக அள்ளிய தண்ணீரும் மோட்டர் போட்டு அடியிலிருந்து இறைத்த தண்ணீரும் ஒரே விடையைத் தராது. எடுத்த மாதம் என்ன, மாரிக்கு முன்னா பின்னா என்பதும் வேண்டும். இவை ஒன்றும் எழுதப்படாத அறிக்கையில் மூன்று தசம தானத்துக்குத் துல்லியமாக எண் இருந்து என்ன பயன்?

அடுத்தது, எந்தக் கிணறு என்பது. பட்டியலில் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்தாலும் களத்துக்குப் போனால் கதை வேறு. தெரிவான வீடு பூட்டுப் போட்டிருக்கும், ஆக்கள் கனடாவில். மாணவன் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். ஆள் இருக்கிற வீட்டிலும் எல்லாரும் விடுவதில்லை. “மகளுக்குச் சீதனமா எழுதின வளவு தம்பி. கிணறு பழுது எண்டு ஒரு கதை வெளிக்கிட்டா நாளைக்கு இந்தக் காணிய ஆர் வாங்குவினம்?” என்று கேற்றடியிலேயே ஒரு ஐயா எங்கள் மாணவனைத் திருப்பி அனுப்பினார். அவர் கேட்டதில் பிழை இல்லை. பொருளியல் படித்தவருக்கு அது காணி விலை பற்றிய கேள்வி. எனக்கு அது, தெரிவு செய்த கிணறுகள் ஊருக்கு மாதிரியாகுமா என்ற கேள்வி, ஏனென்றால் கிணற்றைப் பற்றி ஐயம் உள்ளவர்கள்தான் கூடுதலாக மறுக்கிறார்கள் என்றால், மிஞ்சிய கிணறுகளை வைத்து எடுத்த சராசரி ஊரின் உண்மையான நிலையைவிட நன்றாகத் தெரியும். மறுபக்கமும் உண்டு. எண்ணெய் மணக்கிறது என்று தாங்களாகவே போத்தலோடு வருகிறவர்களை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் ஊரே நாசம் என்று முடிவு வரும். சட்டத்துறை மாணவி ஒருவர் ஒருமுறை கேட்ட கேள்வியையும் இங்கே சேர்க்க வேண்டும்: மருத்துவ ஆய்வு என்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் பங்குபற்றுபவரின் எழுத்துமூலச் சம்மதமும் கேட்கிறோம், கிணற்றுத் தண்ணீர் என்றால் மட்டும் ஏன் வாயால் கேட்டுவிட்டு எடுக்கிறோம்? வீட்டு அடையாளத்தோடு வெளியாகும் வரைபடம் ஒரு குடும்பத்தின் சொத்தைத் தொடுகிறது. நல்ல கேள்வி.

“முப்பது கிணறு பார்த்தோம், ஒன்றிலும் எண்ணெய் இல்லை” என்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஒன்றிலும் காணாவிட்டால், 3ஐப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 3ஐ 30ஆல் வகுக்க 10 சதவீதம். முப்பதும் ஒழுங்காகக் குலுக்கி எடுத்தவை என்றே வைத்துக்கொண்டாலும், ஊரில் 1000 கிணறு இருந்தால் அவற்றில் 100 வரை பழுதாக இருக்க இடமுண்டு என்பதுதான் அந்தச் செய்தியின் அர்த்தம். பழுது இல்லை என்றும் அது சொல்லவில்லை, 100 பழுது என்றும் சொல்லவில்லை. 300 பார்த்து ஒன்றிலும் இல்லை என்றால் அந்த மேல்வரம்பு 1 சதவீதத்துக்கு இறங்கும்.

இவ்வளவும் அளவீடு பற்றிய பேச்சு. இதைவிடப் பெரிய குழப்பம், எவ்வளவு சான்று இருந்தால் போதும் என்பதில் துறைகளுக்குள் ஒற்றுமை இல்லாதது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தையே எடுங்கள். அனல் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 காலத்தில் ஊரெல்லாம் பேச்சாகி, பவுசரில் தண்ணீர் விடுகிற நிலை வந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அறிக்கைகளும் வந்தன. பொறியியலாளர் கேட்டது: எண்ணெய் எங்கிருந்து வந்தது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? ‘எண்ணெயும் கிரீஸும்’ என்ற வழமையான பரிசோதனை கரைப்பானில் கரைகிற எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கும். டீசலா தேங்காயெண்ணெயா என்று அது பிரித்துச் சொல்லாது, அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். மருத்துவர் கேட்டது: யாருக்கு என்ன வருத்தம் வந்தது?

அந்தக் கேள்விக்குச் சின்ன ஊரில் பதில் எடுப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கு வரும் ஒரு நோய். ஊரில் 20,000 பேர். ஆகவே ஆண்டுக்கு 2 பேரை எதிர்பார்க்கலாம். மாசினால் நோய் இரட்டிப்பாகி ஓராண்டில் 4 பேருக்கு வருகிறது என்று வையுங்கள். மாசு ஒன்றுமே இல்லாமல், வெறும் தற்செயலாகவே 4 பேருக்கோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம். வழமையாக நாங்கள் வைக்கும் கோடு 5 சதவீதம்; தற்செயலுக்கான வாய்ப்பு அதற்குக் கீழே இருந்தால்தான் தொடர்பு உண்டு என்போம். ஆகவே ஆய்வாளர் ‘தொடர்பு நிறுவப்படவில்லை’ என்று எழுதுவார். விதிப்படி சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் உண்மையில் நோய் இரட்டிப்பாகியிருக்கிறது! இந்த வரியைத்தான் ‘ஆபத்து இல்லை என்று விஞ்ஞானிகள் தெரிவிப்பு’ என்று மறுநாள் தலைப்பில் காண்கிறோம்.

நீதிமன்றத்தின் கோடு வேறு. சுன்னாக விடயம் அடிப்படை உரிமை மீறல் வழக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தேவைப்படுவது 95 சதவீத உறுதி அல்ல. இரு தரப்புச் சான்றையும் நிறுத்துப் பார்த்து, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று தீர்மானித்தால் போதும். 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. ‘விஞ்ஞானம் முடிவு சொல்ல முதல் நீதிமன்றம் எப்படிச் சொல்லலாம்?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வழக்கை முடிவில்லாமல் தள்ளிவைப்பதும் ஒரு தரப்புக்குச் சாதகமான தீர்ப்புத்தான். அந்தத் தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் பொருளியலாளரின் பங்கு. பவுசர் வரும்வரை வேலைக்குப் போகாமல் குடத்தோடு நின்ற பெண்ணின் நேரம் எந்த ஆய்வுகூடத் தாளிலும் வராது.

இந்த இடத்தில் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் நினைவுக்கு வருவார். சயரோகம் பிடித்ததால் மருத்துவம் படிக்க முடியாமல் பொருளியலில் பட்டம் எடுத்து, மருத்துவப் புள்ளிவிபரவியலில் முன்னோடியானவர். 1948இல் வெளியான, சயரோகத்துக்கான ஸ்ரெப்ரோமைசின் மருந்துப் பரிசோதனையிலும், 1950இல் ரிச்சர்ட் டோலுடன் சேர்ந்து புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றிச் செய்த ஆய்விலும் அவர் கை இருந்தது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணமா என்று தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டிய 9 விடயங்களை 1965இல் முன்வைத்தார். அதே உரையின் கடைசிப் பகுதியில் அவர் சொன்னதைப் பலர் வாசிப்பதில்லை: எவ்வளவு சான்று வேண்டும் என்பது, அந்தச் சான்றை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைக் கட்டுப்படுத்தச் சிறிய ஐயமே போதும். சனத்தின் அன்றாடப் பழக்கத்தை மாற்றச் சொல்ல வலுவான சான்று வேண்டும். நான் இதைக் கிணற்றுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். கைக்குழந்தைக்கு வேறு தண்ணீர் எடுங்கள் என்று சொல்ல ஒரு நம்பகமான பரிசோதனை போதும். ஒரு தொழிற்சாலையை மூடுவதற்கு அதைவிடக் கூட வேண்டும். ஒரு ஆளைச் சிறைக்கு அனுப்ப இன்னும் எவ்வளவோ.

ஆகவே யாராவது ‘ஆய்வு சொல்கிறது’ என்று கொண்டுவந்தால், எந்தத் துறையின் கோட்டை வைத்து, என்ன முடிவெடுப்பதற்காக என்று கேளுங்கள். உங்கள் வளவுக்கே மாதிரி எடுக்க வந்தால் மறுக்காதீர்கள், ஆனால் சும்மாவும் விடாதீர்கள். எந்தப் பரிசோதனை, எந்த ஆய்வுகூடம், முடிவு உங்கள் கைக்கு எப்போது வரும், வீட்டு அடையாளம் வெளியில் போகுமா என்று கேட்டு, சம்மதப் படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். அதன் பின்பக்கத்தில் திகதி, அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் நின்ற மட்டம், கடைசியாக மழை பெய்த நாள், வாளியா மோட்டரா என்று உங்கள் கையாலேயே குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் நைத்திரேற்றா நைதரசனா என்று பாருங்கள். அது தாளில் இல்லையென்றால் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள், சொல்வார்கள். வீட்டில் போத்தல் பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் தாளைக் கொண்டுபோய் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் காட்டுங்கள், அன்றைக்கே.