பத்து வயதில் ட்ரிபிள் ஏ கிடைக்காவிட்டால் என்ன?

ரொறன்ரோவில் சிறுவர் ஐஸ் ஹொக்கியின் உச்சப் பிரிவான ட்ரிபிள் ஏ அணிகளுக்கான வசந்தகால ட்ரையவுட் (ஆள் தெரிவு) நெருங்கும்போது பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கவட்டு நோ எப்ப மாறும்? ட்ரையவுட்டுக்கு விடலாமா?" பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். குளிர்காலம் முழுக்க ஹொக்கி, பிறகு வசந்தகால லீக், கோடை முகாமுக்கும் காசு கட்டியாயிற்று. பிசியோதெரபிஸ்டாக நான் பார்ப்பது அந்தக் கணக்கின் மறுபக்கத்தை.

ஸ்கேற்றிங்கில் ஒவ்வொரு உந்தலுக்கும் தொடை வெளிப்பக்கம் விரிந்து திரும்பி, பிறகு உள்ளே மடங்கி வருகிறது. தொடையெலும்பின் தலையை ஒட்டிய வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) இன்னும் மூடாத வயதில் இதே அசைவு ஆண்டு முழுக்க ஓய்வில்லாமல் நடந்தால், எலும்பின் கழுத்துப் பகுதியில் ஒரு புடைப்பு உருவாகக்கூடும். இளம் ஹொக்கி வீரர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால் உள்ளே திரும்பும்போது அந்தப் புடைப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். முழங்காலை ஐஸில் ஊன்றிப் பாதங்களை விரிக்கும் கோல் காப்பாளர்களுக்குச் சிரமம் இன்னும் அதிகம். உருவான எலும்பைப் பயிற்சியால் கரைக்க முடியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பது, ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது விலகியிருக்க வேண்டும் என்று. மூன்றையும் ஒன்றாக எடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மாதமாக எடுக்கலாம். அதற்காகப் பிள்ளை சோபாவில் படுத்திருக்க வேண்டும் என்றில்லை. நீச்சல், சொக்கர், லக்ரோஸ் எதுவும் சரி.

இதைச் சொன்னதும் அடுத்த கவலை வந்துவிடும்: "மற்றப் பிள்ளைகள் முந்திவிடுவார்களே?"

முந்துவது யார் என்று பாருங்கள். கனடாவில் வயதுப் பிரிவுக்கான எல்லை டிசம்பர் 31. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள், கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசத்தோடு. உயரமும் பலமும் உள்ளவன் தெரிவாகிறான், நல்ல கோச்சும் கூடுதல் ஐஸ் நேரமும் அவனுக்கே போகின்றன, அடுத்த வருடம் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். கனடிய ஜூனியர் அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980களிலேயே எடுத்துக்காட்டினார். இதற்குமேல் பருவமடையும் வயது வேறு. பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவரில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவனுக்குக் குரலே உடைந்திருக்காது. அந்த ட்ரையவுட்டில் பாதி அளக்கப்படுவது ஹோர்மோன்தான்.

மார்ட்டின் சென் லூயியின் உயரம் 1.73 மீட்டர். வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் ட்ராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில்) எந்த அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. 2004இலும் மீண்டும் 2013இலும் லீக்கிலேயே அதிக புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவும் ட்ராஃப்டில் தெரிவாகாதவர். 2019இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது வாங்கினார். உடனே "அப்ப என்ர மகனும்..." என்று தொடங்க வேண்டாம். பத்து வயதில் யாரையும் தேறமாட்டான் என்று முடிவுகட்ட முடியாது, அவ்வளவுதான்.

நாட்டின் ஹொக்கியை நடத்தும் அமைப்பான ஹொக்கி கனடாவும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. முழு ரிங்கின் (ஐஸ் ஆடுகளத்தின்) நீளம் ஏறக்குறைய 61 மீட்டர். அதில் ஆறு வயதுப் பிள்ளைகளை விட்டால் வேகமான ஒருவன் பக்கை (ஹொக்கி வட்டை) கொண்டு ஓடுவான், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். அதனால்தான் சின்னப் பிரிவுகளுக்குப் பாதி ரிங். "இது உண்மையான ஹொக்கி இல்லை" என்று முணுமுணுத்த அப்பாமார் நிறைய. எனக்கு அது மிக நல்ல முடிவாகவே படுகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரருக்கு உடலால் மோதி இடிப்பதை 2013இல் தடை செய்தார்கள். மோதலை அனுமதித்த அல்பேட்டாவில், அனுமதிக்காத கியூபெக்கைவிடக் காயம் மூன்று மடங்குக்கு மேல் என்று 2010இல் ஓர் ஆய்வு சொல்லியிருந்தது.

கிளப் தேடும்போது எத்தனை கப் வென்றார்கள் என்பதை விடுங்கள். எத்தனை மட்ச்சுக்கு எத்தனை பயிற்சி, எல்லாருக்கும் சம ஐஸ் நேரமா, கோடையில் ஓய்வுக்கு விடுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கோச் முகம் சுளித்தால் வேறு கிளப் பாருங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளை கவட்டிலோ முழங்காலிலோ நோ என்று சொல்லி நொண்டி நடந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கால் நோ என்று வந்து, இடுப்பு மூட்டில் வளர்ச்சித் தட்டு நழுவியிருப்பதும் உண்டு. அதற்குத் தாமதிக்காமல் அறுவைச் சிகிச்சை வேண்டும்.