வெள்ளை நாற்று

சிதம்பரத்தில் வேளாண்மை படித்தபோது எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான ஆராய்ச்சி வேலை நாற்று எண்ணுவதுதான். ஒரே நெல் செடியின் விதைகளைத் தட்டில் விதைத்து, முளைத்து வருவதில் எத்தனை பச்சை, எத்தனை வெள்ளை என்று நோட்டில் குறிக்க வேண்டும். வெள்ளை என்றால் பச்சையம் துளிகூட இல்லாமல், காகிதத்தைக் கிழித்து நட்ட மாதிரி நிற்கும் நாற்று. அலுத்துப்போய்க் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒன்று வெள்ளை. தாய்ச்செடியோ பச்சைப்பசேலென்று நின்று கதிர் தள்ளிய செடி. நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர் என்பதால் அதுவேதான் அப்பனும்.

முதல் வாரம் பச்சையும் வெள்ளையும் சமமாகத்தான் உயரும். விதைக்குள் தாய் கட்டிக்கொடுத்த சோறு இருக்கும்வரை வெள்ளை நாற்றுக்குப் பசி தெரியாது. அது தீர்ந்ததும் இரண்டு மூன்று இலையோடு சாய்ந்துவிடும்.

பல வருஷம் கழித்து, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மரபணு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்த நாற்றுகள் திரும்பி வந்தன. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், எட்டு மாதக் குழந்தை, ஹீமோகுளோபின் 5. "நாலு மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருந்துச்சுங்க, அப்புறம்தான் வெளுக்க ஆரம்பிச்சுது" என்றாள் தாய். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்து சில மாதங்களில் அது மெல்லக் குறைந்து, பெரியவர்களுக்குரிய வகை அந்த இடத்துக்கு வர வேண்டும். பீட்டா தலசீமியா உள்ள குழந்தைக்கு அது வருவதில்லை, வந்தாலும் போதாது. கட்டுச்சோறு தீர்ந்த கதைதான்.

கூட வந்த மாமியார் என்னைப் பார்த்து, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லைங்க டாக்டரம்மா, அவங்க வீட்டு ரத்தந்தான்" என்றார். (நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பிஎச்.டி. டாக்டர் என்று ஆரம்பத்தில் எல்லாம் திருத்துவேன், இப்போது விட்டுவிட்டேன்.) மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய மகனின் ரத்தத்தையும் பார்த்தோம். இரண்டு பேருமே கேரியர், அதாவது மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்றில் பிழை இருந்தும் வெளியே நோய் தெரியாதவர்கள். இருவரிடமும் இல்லாமல் இந்த நோய் குழந்தைக்கு வரவே வராது. அந்த மாமியாருக்கு அன்றைக்கு நான் நெல் நாற்றுக் கதையைத்தான் சொன்னேன், பச்சையாக நின்ற தாய்ச்செடியும் அப்படி ஒரு கேரியர்தான் என்று, விவசாயக் குடும்பம், சட்டென்று புரிந்துகொண்டார். புரிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நெல்லிலிருந்து மனுஷனுக்கு எப்படி வந்தாய் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. 2004 சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய வயல்களைப் பார்த்துவிட்டுத்தான் நான் முனைவர் பட்டத்துக்கு உப்பைத் தாங்கும் நெல்லை எடுத்தேன். கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் சால்டோல் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதை நம் ரகங்களுக்குள் கொண்டுவருவது வேலை. ஒட்டுக்கட்டி, மறுபடி மறுபடி நம் ரகத்தோடு சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலையைக் கிள்ளி டி.என்.ஏ. எடுத்து அந்தப் பகுதி வந்திருக்கிறதா என்று பார்ப்போம், அதனால் கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளத்தைத் தாங்கும் சப்1 மரபணுவையும் ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லிலிருந்து எடுத்து இப்படித்தான் ஸ்வர்ணா என்ற நெல் ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள், இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் எழுந்துவிடும். அப்புறம் புராஜெக்ட் முடிந்தது, சம்பளமும் முடிந்தது. புதுச்சேரியில் பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன்.

பி.சி.ஆர். மெஷினுக்கு நெல்லும் ஒன்றுதான் மனிதனும் ஒன்றுதான். 95 டிகிரியில் இழைகளைப் பிரி, 55, 60 என்று இறக்கி ஒட்டவிடு, 72-ல் வளர்த்தெடு, மறுபடி 95. வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது. இலைக்குச் செல்சுவர் உண்டு, திரவ நைட்ரஜன் ஊற்றி அரைக்க வேண்டும், அதிலும் நம்மூர் முந்திரி இலை இருக்கிறதே, அரைத்த மாத்திரத்தில் பழுப்பாகக் குழைந்து டி.என்.ஏ.வை விடவே விடாது. ரத்தம் அந்த விதத்தில் சாது. ஆனால் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, டி.என்.ஏ. வருவது கொஞ்சமே கொஞ்சம் இருக்கிற வெள்ளணுக்களிலிருந்து. நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. ஆனால் புரதம் செய்யும் மரபணுக்கள் நெல்லுக்குத்தான் அதிகம், நமக்குச் சுமார் 20,000தான். இதைச் சொன்னால் வகுப்பில் பையன்களுக்கு ரோஷம் வரும்.

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. விதைப்பண்ணையில் கலவன் பிடுங்குவோம். ரகத்துக்கு ஒவ்வாமல் உயரமாகவோ முன்கூட்டியே பூத்தோ நிற்கிற செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போவோம். பத்து வருஷம் அந்தக் கண்ணோடு பழகியவள் நான். ரிப்போர்ட்டில் 'கேரியர்' என்று அடித்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தத் தாளோடு வெளியே போகிற 23 வயதுப் பெண்ணுக்குக் கல்யாண நிச்சயம் நின்றுபோகும் என்பது எனக்கு உறைக்க நாளாகியது. அதனால் இப்போதெல்லாம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுகிறேன்: கேரியர் நோயாளி இல்லை. இரண்டு பிரதியில் ஒன்று சரியாக இருப்பதால் வேலை நடந்துவிடுகிறது, அவர் வயசாகும்வரை நன்றாக இருப்பார். இந்தியாவில் நூறு பேரில் மூன்று நாலு பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள். நீங்கள் ஏறிய டவுன் பஸ்ஸில் ஒருவராவது இருக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் சொந்தத்தில் கட்டுவது இன்னும் சகஜம் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். என் அம்மா கட்டியது அவருடைய தாய்மாமனைத்தான், எனக்குக் கண்ணாடியைத் தவிர குறை ஒன்றும் இல்லை. ஆகவே சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று மிரட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கணக்கு இதுதான். ஒரு பெண் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமில்லாத அசலில் கட்டினால் மாப்பிள்ளையும் கேரியராக இருக்க நூற்றில் மூன்று நாலு வாய்ப்பு. அத்தை மகன் அல்லது மாமன் மகன் என்றால், அவள் வைத்திருக்கும் அதே பிரதி அவனிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனே என்றால் நாலில் ஒன்று. நாம் அத்தை மகனை முறை என்றும் சித்தி மகனை அண்ணன் என்றும் பிரித்து வைத்திருக்கிறோம், மரபணுவுக்கு முறை தெரியாது, இரண்டு பேரும் அதற்கு ஒரே தூரம். சொந்தம் இல்லை, வேறு ஊர்தான், ஆனால் ஒரே சாதி என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பல நூறு வருஷமாகத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்ட கூட்டங்களில் சில மரபணுப் பிழைகள் ஊறிப்போயிருக்கின்றன என்று ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வே இருக்கிறது.

சரி, என்ன டெஸ்ட்? ஆரம்பம் மிகச் சாதாரணமான முழு ரத்த எண்ணிக்கைதான், சி.பி.சி. என்று எழுதிக்கொடுப்பார்கள், சின்ன லேபிலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். அந்தத் தாளில் எல்லோரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் அளவு. அது 80-க்குக் கீழே, பக்கத்தில் எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் அளவு) 27-க்குக் கீழே என்றால் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு, இல்லையென்றால் தலசீமியா கேரியராக இருக்கலாம். எத்தனையோ பெண்களுக்கு இது இரும்புக் குறைவு என்றே வருஷக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அளவு ஏறவே ஏறாது. அடுத்தது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. என்ற டெஸ்ட். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியர் என்று எடுத்துக்கொள்வோம். இரும்பு ரொம்பக் குறைந்திருந்தால் ஏ2வும் கொஞ்சம் இறங்கிக் காட்டும், அதனால் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது. இத்தனைக்கும் காரணமான பிழை எவ்வளவு பெரியது என்று பார்த்தால், நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகையில் 11-வது குரோமோசோமில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, 300 கோடி எழுத்தில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை, இது என் சொந்தத் தப்பிலிருந்து. ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியில் தெரிவது பெரும்பாலும் ரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபின்தான். புதிதாகச் சேர்ந்த வருஷம் அப்படி ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டைச் சந்தேகம் இல்லை என்கிற மாதிரி எழுதி அனுப்பிவிட்டேன். குழந்தை மருத்துவர் போன் செய்து, "ரத்தம் ஏத்தி எட்டு நாள்தான் ஆகுது, கேட்டீங்களாம்மா?" என்றார். கேட்கவில்லை. அன்றிலிருந்து படிவத்தில் முதல் கேள்வியே அதுதான். குழந்தைக்கு ஏற்றியாகிவிட்டது என்றால் பெற்றோர் இருவரையும் பார்ப்போம்.

இருவரும் கேரியர் என்று தெரிந்தால் கல்யாணமே கூடாது என்று அர்த்தமில்லை, அது அவர்கள் முடிவு. கர்ப்பமாகி 11 வாரம் போல ஆனதும் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துக் குழந்தைக்கு நோய் உண்டா என்று பார்க்க முடியும். ஐந்தாம் மாதம் வந்து கேட்பவர்கள்தான் அதிகம், அப்போது பனிக்குட நீரில் பார்க்கலாம் என்றாலும் யோசிக்கவே நேரம் இருக்காது. கூடவே "அப்படியே பையனா பொண்ணான்னு..." என்று இழுப்பவர்களும் உண்டு. 1994-ன் சட்டப்படி அதைச் சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.

அப்புறம் அந்த நாலில் ஒன்று, அதாவது இருவரும் கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள் என்று வையுங்கள், போன தடவை என்ன விழுந்தது என்று அதற்கு நினைவிருக்காது. தட்டில் இருநூறு நாற்று இருந்ததால்தான் எனக்கு நாலில் ஒன்று என்று கணக்காக வந்தது. வீட்டில் இரண்டே குழந்தை, இரண்டும் வெளுத்துப்போனவையாக இருக்கிற குடும்பத்தை எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், அது சேர்த்துவிடுகிற இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் சேர்ந்திருக்கிறது என்பதே அவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. மரபணுவை வெட்டித் திருத்தும் சிகிச்சை ஒன்றுக்குத் தலசீமியாவுக்கென 2023 கடைசியில் இங்கிலாந்திலும் 2024 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தபோது பேப்பரோடு ஓடிவந்தார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதே கிரிஸ்பர் கத்தரியால் ஆந்திரா பொன்னியின் மரபணுவைத் திருத்தி உருவாக்கிய நெல்லை 2025-ல் நம் நாட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். எனக்கு இரண்டு வேலையும் தெரியும் என்பதால் இந்த இடைவெளி கொஞ்சம் கூடுதலாகவே குத்துகிறது.

போன வாரம் குறிஞ்சிப்பாடியிலிருந்து என் அத்தை போன் செய்தார். பேத்திக்கு மாமன் மகனோடு தை மாதம் கல்யாணம், "நீதான் எல்லாருக்கும் சொல்றியே" என்று அவராகவே சி.பி.சி. எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. 66. இரும்பாகவும் இருக்கலாம் அத்தை, பயப்படாதீங்க, இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வாங்க என்றேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறார்கள். ஊதா மூடி டியூப் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.