தொண்டை, நாக்குப் புற்றுநோய்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எப்போது எடுக்க வேண்டும்?

கழுத்தில் வலியில்லாத கட்டி வந்தால் நம்மில் பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வலிக்கவில்லை, பீடி, புகையிலைப் பழக்கமும் இல்லை, பிறகென்ன என்று நினைக்கிறோம். வாய்ப் புற்றுநோய்க்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் புகையிலைதான் காரணம். ஆனால் ஹெச்.பி.வி. என்ற வைரஸ், அதிலும் 16-ஆம் வகை, டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்கும். எந்தப் பழக்கமும் இல்லாதவருக்கும் இது வரும். கட்டியோ, விழுங்கச் சிரமமோ, ஒரு பக்கக் காதுவலியோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் இதில் வரும். நோய் வைரஸால் வந்ததா, புகையிலையால் வந்ததா என்று திட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும்.

என் அனுபவத்தில் பலரும் தடுமாறுவது அட்டையில்தான். பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்துச் செய்யும் சோதனையின் முடிவு வந்த பிறகு அட்டைக்கு ஓடுகிறார்கள். சதை எடுத்த அன்றே ஆரம்பித்துவிடுங்கள், முடிவு வர எப்படியும் சில நாளாகும். வி.ஏ.ஓ. மூலம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு சேலம் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஏற்காட்டில் வெள்ளக்கடை, நாகலூர்ப் பக்கமிருந்து மலையிறங்கி வருபவர்கள் கிளம்பும் முன்பே ரேஷன் கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நோயாளியின் பெயர் அதில் இல்லையென்றால் வந்த பயணம் வீண். எஸ்டேட்டில் ஒருநாள் கூலியும் போய்விடும்.

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தால், அதே சதையில் பி16 சோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நோய் ஹெச்.பி.வி. வைரஸால் வந்ததா என்பதை அறிய இது உதவும். வைரஸால் வந்த தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும், இது தெரிந்தால் வீட்டாருக்கும் தெம்பு வரும். நோய் சற்று முற்றியிருந்தால் கதிர்வீச்சு பொதுவாக ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று போகும். மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறுவது நோயாளியால் ஆகாத காரியம். வார்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

அட்டை இருந்தும் திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குப் பணம் கேட்டால், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.