கம்பெனி ஃபிட்டிங்கில் ஒரு பந்தயம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் அடிக்கடி போய் நிற்கும் லேத் பட்டறை ஒன்று உண்டு. ரீபோர் செய்ய, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தைக் குடைந்து பெரிதாக்க வந்த சிலிண்டர் பிளாக்குகள் வாசலிலேயே வரிசையாகக் கிடக்கும். போன மாதம் ஒரு பையன் தன் பிளாக்கை நீட்டி, "அண்ணே, இதுல அரை மில்லி ஏத்திப் போட்டுடுங்க" என்றான். பட்டறை அண்ணன் அதைக் கையில் வாங்கவே இல்லை. "ரோட்டுக்கா, ரேஸுக்காப்பா? ரேஸுன்னா எந்த கிளாஸு?" என்று கேட்டார்.

அரை மில்லிமீட்டர் என்பது ஐந்து தாளை அடுக்கி வைத்த தடிமன். அதற்கு இத்தனை கேள்வியா? பந்தய விதிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். நான் படித்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தவை ஏடிவி பந்தயங்களின் ஸ்டாக் கிளாஸ் விதிகள். சுற்றுலா இடங்களில் மணலில் ஓடுமே, பைக் மாதிரி ஹேண்டில்பாரும் சீட்டும் வைத்த நாலு சக்கர வண்டி, அதுதான் ஏடிவி. அமெரிக்காவில் மோட்டோகிராஸ் மைதானத்திலும் காட்டுப் பாதையிலும் இதை வைத்துப் பெரிய பந்தயங்கள் நடக்கின்றன. அங்கே ஸ்டாக் கிளாஸ் என்றால் நம் மெக்கானிக்குகள் சொல்லும் "கம்பெனி ஃபிட்டிங்" தான். ஷோரூமை விட்டு வந்த வண்டி எப்படி இருந்ததோ, முக்கியமான பாகங்கள் அப்படியே இருக்க வேண்டும்.

தெற்கத்தி மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட விடுவார்கள். பூஞ்சிட்டு வண்டியோடு பெரிய மாட்டு வண்டியை ஓட விட்டால் அது பந்தயமாக இருக்காது. மோட்டார் பந்தயத்தில் கிளாஸ் பிரிப்பதும் அதே நியாயம்தான். என்ன, மாட்டைக் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். இன்ஜினைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

விதிகள் அமைப்புக்கு அமைப்பு கொஞ்சம் மாறும். ஆனால் எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்கிறார்களோ, அந்த இடத்தில்தான் வேகம் ஒளிந்திருக்கிறது என்பது எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பையன் கேட்ட அரை மில்லியையே எடுத்துக்கொள்வோம். யமஹாவின் ஒய்எஃப்இசட் 450ஆர் என்ற பந்தய ஏடிவியில் சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 63.4 மி.மீ. கணக்குப் போட்டால் 449 சிசி வரும். விட்டத்தை 95.5 ஆக்கினால் 454 சிசி. அவ்வளவுதான், 450 சிசி கிளாஸை விட்டு வண்டி வெளியே போய்விட்டது. விட்டம் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுவதால், அதில் கொஞ்சம் கூட்டினாலே கொள்ளளவு இரட்டிப்பு விகிதத்தில் ஏறும். அந்த வண்டியின் சிலிண்டருக்கு உட்பூச்சு உண்டு என்பதால் நம் ஊர் பைக் போலச் சட்டென்று போர் போட முடியாது. ஆசைப்படுகிறவர்கள் பெரிய சிலிண்டரையே வாங்கி மாட்டுவார்கள்.

சரி, சிசியைத் தொடாமல் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் உள்ளே இருப்பதை அழுத்தும் விகிதத்தை, ஏற்றினால்? சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டை லேசாகச் சீவிவிட்டாலே போதும், பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் சுருங்கிவிடும். 449 சிசி இன்ஜினில் கம்ப்ரஷன் 11க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 44.9 சிசி. 12க்கு 1 ஆக்க அதை 40.8 சிசி ஆக்க வேண்டும். வித்தியாசம் 4 சிசி சொச்சம், ஒரு டீஸ்பூன் மருந்துகூட இல்லை. ஏட்டுக் கணக்குப்படி இதனால் எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலை இரண்டு சதவீதம் போலக் கூடும். எல்லாரும் ஒரே வண்டியில் ஓடும் பந்தயத்தில் இரண்டு சதவீதம் சும்மா இல்லை.

இந்த ஒரு டீஸ்பூனை ஹெட்டைக் கழற்றாமலே பிடித்துவிடலாம் என்று தெரிந்தபோது நான் அசந்துபோனேன். காலி சோடா பாட்டிலின் வாயில் குறுக்கே ஊதினால் ஒரு சத்தம் வருமே, அதேதான். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊதுங்கள், சத்தம் ஏறும். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய அது வேகமாக அதிரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அந்த ஓட்டையில் காற்றை ஊதி, எழும் சத்தத்தின் அதிர்வெண்ணிலிருந்து கம்ப்ரஷனைச் சொல்லும் கருவி மோட்டார் பந்தயங்களில் உண்டு. 44.9 சிசி 40.8 ஆனால் அதிர்வெண் ஐந்து சதவீதம் கூடும். நாதஸ்வரக்காரரிடம் கேட்டால் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கிறது என்பார். சீவிய ஹெட்டைச் சுருதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்ஜினை விட எனக்கு முக்கியமாகப் படுவது அகலம். பல ஸ்டாக் கிளாஸ் விதிகளில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம் கம்பெனியுடையதாகவே இருக்க வேண்டும். நீளமானதைப் போட்டு வண்டியை அகட்டக் கூடாது. அகலமான வண்டி கவிழாது, பாதுகாப்புதானே, அதை ஏன் தடுக்க வேண்டும் என்று முதலில் எனக்கும் புரியவில்லை.

கவிழும் கணக்கு எளிது. வண்டியின் நடுவிலிருந்து சக்கரம் வரை உள்ள தூரத்தை, எடைமையம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ., எடைமையம் 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 45ஐ 60ஆல் வகுத்தால் 0.75. அதாவது, திருப்பத்தில் வண்டியை வெளியே தள்ளும் விசை அதன் எடையில் முக்கால் பங்கைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் எழும்பும். 10 செ.மீ. அகட்டினால் 50ஐ 60ஆல் வகுக்க, 0.83. அதற்கேற்பத் திருப்பத்தில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும்.

ஹோண்டா 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வண்டிகளுக்கு மூன்றே சக்கரம். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் திருப்பத்தில் சுலபமாகச் சாய்ந்தன. விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்காவில் புது மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையையே நிறுத்தும்படி ஆயிற்று. அதனால் அகலத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது ஓட்டுகிறவரைக் கணக்கில் சேர்ப்போம். வண்டி 160 கிலோ, ஆள் 70 கிலோ. திருப்பத்தில் அவர் தன் உடம்பை 20 செ.மீ. உள்பக்கம் நகர்த்துகிறார். மொத்த எடைமையம் எவ்வளவு நகரும்? 70ஐ 20ஆல் பெருக்கி 230ஆல் வகுத்தால் 6 செ.மீ. 45 என்பது 51 ஆகிவிட்டது, 60ஆல் வகுத்தால் 0.85. காசு கொடுத்து நீள ஏ-ஆர்ம் வாங்கியவருக்குக் கிடைத்ததை விட, இடுப்பை நகர்த்தத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது! ஸ்டாக் கிளாஸ் அளக்க நினைப்பது இந்த இடுப்பைத்தான். எல்லாருக்கும் ஒரே அகலம் என்று ஆக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஓட்டுகிறவரின் உடம்பு மட்டும்தான்.

அதுவும் பந்தய ஏடிவியில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். காரில் இருப்பதுபோல், இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை போன்ற உதிரி மணலில் அது தானாக வழுக்கிவிடும், கவிழ்வதற்கு முன்பே வண்டி சறுக்கும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் மழைக்குப் பின் காய்ந்து இறுகி, தடம் பதிந்து கிடக்கும்போது கதை வேறு. சறுக்கி வரும் சக்கரம் தடத்தின் விளிம்பில் முட்டி நின்றால் வண்டி அப்படியே புரளும்.

தடுக்கும் இதே விதிகள் சிலவற்றை மாட்டியே ஆக வேண்டும் என்றும் சொல்கின்றன. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே கம்பியும் வலையும் வைத்த நெர்ஃப் பார் ஒன்று. பக்கத்தில் வரும் வண்டியின் சக்கரம் உள்ளே நுழைந்து மேலே ஏறிவிடாமல், கால் நழுவிப் பின் சக்கரத்தில் மாட்டாமல் அது காக்கும். இன்னொன்று மணிக்கட்டில் கட்டும் கயிறு. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு சுவிட்ச் கழன்று இன்ஜின் நின்றுவிடும். டயரில் பெரும்பாலும் கெடுபிடி இல்லை. 4, 5 பிஎஸ்ஐ காற்றில் ஓடும் டயர் அது. நம் பைக்கில் 28 வைப்போம். மண்ணைப் பொறுத்து அதை மாற்றிக்கொள்ள விடுவதுதான் சரி.

நம் ஊர் இன்ஜினியரிங் மாணவர்கள் இதையே இன்னும் கடுமையாக அனுபவிப்பது பாஜா எஸ்ஏஇ போட்டியில். மாணவர்களே வண்டியைச் செய்து ஓட்டும் போட்டி அது. பல ஆண்டுகள் எல்லா அணிக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் அதே 10 எச்பி இன்ஜின்தான் இருந்தது, வேகம் எல்லை மீறாமல் பிடித்து வைக்கும் கவர்னர் 3800 ஆர்பிஎம்மில் பூட்டியிருந்தது. உள்ளே கை வைக்க வழியே இருக்கவில்லை. அதனால் பைப்பின் தடிமன், கியர் விகிதம், சஸ்பென்ஷன் கோணம் என்று கிராம் கிராமாகத் தேடினார்கள்.

அன்றைக்குப் பட்டறையில் அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஸ்டாக்குதாண்ணே" என்றான். அண்ணன் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை எடுத்துச் சிலிண்டரில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளந்தார். தேய்மானம் அதிகம் இல்லை. "ரிங் செட் மட்டும் மாத்திக்க" என்று பிளாக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.