குடிநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி ஓடினால்

1969-இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் நகரில், ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் நோய் தொற்றியது. இரண்டு ஆட்டங்களோடு அந்த ஆண்டின் போட்டிகளை அணி கைவிட்டது.

காரணம் மைதானத்துக் குடிநீர்க் குழாய். புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இணைப்புகளும் அதே குழாயில்தான் இருந்தன. அவற்றின் வாய்கள் தரைக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் குழிகளில் இருந்தன. அங்கே விளையாடிய அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஏற்கெனவே அந்த நோய்; அவர்களால் குழித் தண்ணீரில் கிருமி கலந்திருந்தது. நகரில் தீ விபத்து ஒன்று நடந்து, தீயணைப்புப் படையினர் நிறையத் தண்ணீரை இழுத்தபோது மைதானக் குழாயில் அழுத்தம் சரிந்தது. குழித் தண்ணீரைக் குழாய் உள்ளே உறிஞ்சிக்கொண்டது.

தண்ணீருக்குக் குழாயில் நிரந்தரமான திசை கிடையாது. அழுத்தம் குறைந்த பக்கம் அது போகும், அவ்வளவுதான். மெயின் பைப் உடைந்தாலும் இப்படி நடக்கும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் நடக்கும். அப்போது விரிசல்கள் வழியே சாக்கடைகூட உள்ளே வரலாம்.

எதிர்ப்பக்கத்து அழுத்தம் கூடினாலும் இதே ஆபத்துதான். 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் இணைத்த ஒரு வால்வு திறந்து கிடந்தது. சுத்திகரிப்பு முடிந்து வெளியேற வேண்டிய கழிவுநீர், சுமார் 450 கன மீட்டர் அளவுக்கு, குடிநீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

சரி, எப்படித் தடுப்பது? தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே அது முழுதாக மூடாது. நான் அதிகம் நம்புவது குழாய் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே விடும் வெறும் இடைவெளியை. தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் வாயின் விட்டத்தைப்போல் இரு மடங்கு உயரம் விட்டால் போதும். குழாய் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். வாளித் தண்ணீரில் ஹோஸின் நுனி மூழ்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ரசாயன ஆலை, மருத்துவமனை போன்ற இடங்களில் இடைவெளி விட முடியாதபோது, இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வுகளும் அவற்றுக்கு நடுவே ஒரு வடிகால் வால்வும் கொண்ட கருவியைப் பொருத்துவார்கள். நடு அறையில் அழுத்தம் எப்போதும் வரும் பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம் குறைந்துவிட்டால் வடிகால் திறந்து, தண்ணீர் வெளியே கொட்டும். தரை நனைகிறதே என்று அந்த வடிகாலை யாரும் அடைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி பெற்றவரை வைத்துக் கருவியைச் சோதிக்க வேண்டும்.