வென்டிலேட்டர் திரை மார்க் ஷீட் இல்லை

கல்லீரல் மாற்று அறுவைக்கு மறுநாள் காலை. ஐசியூ வாசலில் மகன் தேம்புகிறார். "ராத்திரி அறுபதுல இருந்தாங்க டாக்டர், இப்போ நாற்பதுக்கு இறங்கிட்டாங்க." உள்ளே அவருடைய அம்மா வாயில் குழாயோடு, சிலேட்டில் 'தண்ணி' என்று கோணல்மாணலாக எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மாதத்தில் இப்படி அழுத நான்காவது குடும்பம் இது.

வென்டிலேட்டர், அதாவது மூச்சு விட உதவும் மிஷின், அதன் திரையில் தெரியும் அந்த 40 உயிர் பிழைக்கும் சதவீதம் இல்லை. மிஷின் இவ்வளவு, நோயாளி இவ்வளவு என்ற பங்குக் கணக்கும் இல்லை. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது, அவ்வளவுதான். நாம் சும்மா உட்கார்ந்து இழுக்கும் காற்றிலேயே 21 இருக்கிறது. 60 தேவைப்பட்டவருக்கு 40 போதுமென்றால் நுரையீரல் தேறுகிறது என்று அர்த்தம். இறங்க இறங்க நல்லது. 100-ஐ நோக்கி ஏறினால்தான் எங்கள் முகம் மாறும்.

வென்டிலேட்டர் என்றாலே கடைசிக் கட்டம் என்பவர்களுக்கு ஒன்று: மயக்கம் கொடுக்கும்போதே அந்தக் குழாய் போட்டாகிவிடுகிறது. பலருக்கு ஓரிரு நாளுக்குள் எடுத்துவிடுவோம். நெடுநாள் நோயில் தசை கரைந்தவர்களுக்கும், வலது பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர்களுக்கும் தாமதமாகும். மிஷின் உதவியைக் குறைத்து, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் அவரே மூச்சு விடுகிறாரா என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டி மேல்மூச்சு வாங்கினால், வியர்த்துக் கொட்டினால், நிறுத்திவிட்டு மறுநாள் பார்ப்போம். "ஃபெயிலா டாக்டர்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவசரப்பட்டு எடுத்துவிட்டு மறுபடி குழாய் போடுவதுதான் பெரிய வம்பு. அதற்காகக் கூடுதலாக ஒரு நாள் வைத்திருக்கவும் எங்களுக்கு ஆசையில்லை. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் நிமோனியா வந்தால் படுத்திவிடும்.

குழாய் எடுத்ததும் தாகம் என்பார். பாவம் பார்த்து வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் பலம் திரும்புவதற்குள் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். சளி, ஜுரம் இருந்தால் உள்ளே வரவே வேண்டாம். சிகரெட் பழக்கத்தை அறுவைக்கு முன்பே சொல்லித் தொலையுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். அப்புறம், மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் அந்த மூன்று பந்துக் கருவி ஊதுவதற்கு இல்லை, இழுப்பதற்கு! அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பிருந்தே பழகச் சொல்லுங்கள். இருமும்போது தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

உள்ளே வந்தால் காதோரம் போய் வீட்டுக் கதை பேசுங்கள். அறுபது, நாற்பது என்று கட்டிலருகே நின்று கிசுகிசுக்காதீர்கள். அவருக்குக் கேட்கும்.